பதினேழாம் எலியின் பெருமூச்சு

பெங்களூர் அல்சூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில், சிற்றுயிர் சுவாச ஆராய்ச்சி நிலையம் என்னும் அரசு நிறுவனம் இயங்கி வந்தது. இயங்கி வந்ததாக அதன் ஆண்டறிக்கை சொல்கிறது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். எலி, சுண்டெலி வகையறாக்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று கண்டறிந்து மனித குலத்துக்குத் தெரிவிப்பது நிலையத்தின் குறிக்கோள். மனித குலம் அவசரப்படுத்தவில்லை. ஆகவே நிலையமும் அவசரப்படவில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் அங்கே ஒரு வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கியது. அதுவரை எலியின் நுரையீரலைச் சோதிப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்து, தொண்டையைக் கீறிக் குழாய் சொருகி, அந்தச் சிறு பிராணியைப் பாடாய்ப் படுத்துவார்கள். முடிவில் நுரையீரலைப் பற்றித் தெரிந்துவிடும், எலிதான் மிஞ்சாது. புது மெஷினில் அந்தக் கொடுமை கிடையாது. அது ஒரு கண்ணாடிப் பெட்டி. எலியை அதற்குள் சும்மா விட்டுவிட வேண்டியது. எலி மூச்சை இழுத்து விட, பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் லேசாக ஏறி இறங்கும். பெட்டியின் முன்பக்கம் நட்ட நடுவில் ஒரு பித்தளை மூக்கு. அதில் மாட்டிய மெல்லிய குழாய் வழியாக அந்த ஏற்ற இறக்கம் கம்ப்யூட்டருக்குப் போய், திரையில் அலை அலையாக ஓடும். எலிக்கு வேண்டிய நல்ல காற்று பின்பக்கத்து ஓட்டை வழியாக வந்து போகும். ஊசி இல்லை, கத்தி இல்லை, எலிமேல் விரல்கூடப் பட வேண்டாம்.

தொடாமலே வேலையை முடிக்கலாம் என்ற இந்த விஞ்ஞானத் தத்துவம் நிலையத்தில் எல்லாருக்கும் உடனே பிடித்துப்போயிற்று. ஃபைல்கள் விஷயத்தில் அவர்கள் வெகுகாலமாக அதைத்தான் கடைப்பிடித்து வந்தார்கள்.

மெஷினை ஓட்டும் பொறுப்பு தமயந்திக்கு வந்தது. தமயந்தி தங்கவயல் பெண். மர்பி டவுனில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். அவளுடைய பதவி தற்காலிக ஆய்வு உதவியாளர். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் அவளை வேலையிலிருந்து அனுப்பி, ஒருநாள் வீட்டில் உட்காரவைத்து, மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தற்காலிகத்தை நிரந்தரமாக நிலைநாட்ட அரசாங்கம் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அந்த ஒருநாளில் தமயந்தி சாப்பிட மாட்டாள். நாளைக்குக் கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தடவை டைரக்டர் டாக்டர் அச்யுத் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சிற்றுயிர் நலக் கமிட்டி வந்து பார்த்து, மெஷின் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும். போட்டுட்டா மெஷினுக்கு ஒரு பர்மனென்ட் போஸ்ட் சாங்ஷன் ஆகும். அது உங்களுக்குத்தான் தமயந்தி."

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அவளுடைய தாய்மாமன் அய்யாவு வந்திருந்தார். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடியாகிவிட்டது, நெஞ்சுக்குள் போன தூசி மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. தூசி நிவாரணக் குழு என்று ஒன்று அமைத்திருந்தார்கள். நுரையீரல் கெட்டிருக்கிறது என்று அதற்கு நிரூபித்தால் நிவாரணம் உண்டு. அதற்காக மாமா ரயிலேறி ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

"எலிக்கு இன்னாமோ… கண்ணாடி ரூம்… வந்திருக்காமே," என்றார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் பேசுவார். "என்னையும் ஒருநாள்… அதுல குந்த வையேன்."

"உன் கால் கட்டைவிரல்கூட உள்ள போவாது மாமா," என்று சிரித்தாள் தமயந்தி. "இதே மெஷின் பெரிய சைஸ்ல கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வருதாம். ஆள் உள்ள உட்காரலாமாம். அதுல உனக்குப் பார்ப்பாங்க."

மாமாவுக்கு அதில் பரம திருப்தி. மெஷின் பொய் சொல்லாது என்பது சுரங்கத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

மறுநாள் முதல் சோதனை நடந்தது. பெட்டிக்குள் போனது பதினேழாம் நம்பர் எலி. அது மீசையைத் துடைத்துக்கொண்டது, ஒரு மூலையில் போய்ச் சுருண்டது, ஒழுங்காக மூச்சு விட்டது. கம்ப்யூட்டர் அத்தனையையும் அச்சடித்துக் கொடுத்தது. அந்தத் தாள் நிர்வாக அதிகாரி நாணு சாரின் மேஜைக்குப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நாணு சாரின் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் அமல்தார், அதாவது தாசில்தார். அப்பா தலைமைச் செயலகமான விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரி. இருவரிடமிருந்தும் அவருக்கு வந்து சேர்ந்தவை ஒரு பச்சை மைப் பேனாவும், எதிலும் தானாக முடிவெடுக்காத நிதானமும். மனுஷர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உருகிப்போவார். ஆனால் விதியும் சாஸ்திரமும் சேர்ந்து ஒரே பக்கம் நின்றுவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது.

"என்னம்மா தமயந்தி, கடைசி பத்தியில எலி 'சை' 'சை'ன்னு சொல்லியிருக்காப்பல இருக்கே? யாரைப் பார்த்துச் சொல்லித்து?"

"அது இங்கிலீஷ் வார்த்தை சார். படிச்சா 'சை'ன்னுதான் வரும். பெருமூச்சுன்னு அர்த்தம்."

நாணு சார் கண்ணாடியைக் கழற்றினார். "பெருமூச்சா? 'சை'ன்னு சொல்லியிருந்தாலே தேவலையே!"

"சார், எல்லா எலியும் விடும். மனுஷங்களும் விடுவாங்க. சின்னச் சின்னதா மூச்சு விட்டுகினே இருந்தா நுரையீரலோட கடைக்கோடி அறைங்க ஒட்டிக்கும். அப்பப்போ ஒரு பெரிய மூச்சு வந்தாத்தான் திறக்கும். விடலன்னாதான் சார் ஆபத்து."

"அதெல்லாம் உன் புஸ்தகத்துல. எங்காத்துல விளக்கு வெச்சப்புறம் யாரும் பெருமூச்சு விடப்படாது. லக்ஷ்மி தங்கமாட்டா. அதுவும் ஒருத்தர் பெருமூச்சு இன்னொருத்தர் மேல பட்டுதுன்னா பட்டதுதான். எதிராத்து மனுஷன் எங்க புது மாருதியைப் பார்த்து ஒண்ணு விட்டான். அந்த வாரமே பம்பர் போச்சு. இங்க கவர்ன்மென்ட் கட்டடத்துக்குள்ள உட்கார்ந்துண்டு, கவர்ன்மென்ட் தீனியைத் தின்னுண்டு, ஒரு எலி நம்ம எல்லார் மேலயும் பெருமூச்சு விடறது. இதை எப்படிம்மா சும்மா விடறது?"

பச்சை மையில் எழுதினார்: 'பதினேழாம் எண் எலி பெருமூச்சு விடுவதாக இந்த அலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. காரணம் கண்டறிந்து உடன் சமர்ப்பிக்கவும்.'

எலிக்குக் காரணம் இருந்தால் அது குறை. குறை இருந்தால் விசாரணை. விசாரணைக்குச் சிற்றுயிர் நலக் கமிட்டியின் தலைவி அனந்தலக்ஷ்மி அம்மாள் வந்தார். பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருநாய்களுக்குப் பிஸ்கட் போட்டுவிட்டு, அதற்குத் தாமதமாக வந்த வேலைக்காரியை நிறுத்திவிட்டு, நேராக விசாரணைக்கு வந்திருந்தார்.

முதலில் எலிக்கூண்டுகளைப் பராமரிக்கும் சில்வெஸ்டரைக் கூப்பிட்டார்கள். சில்வெஸ்டர் லிங்கராஜபுரம் ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். மற்ற நாட்களில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

"இந்த எலியை யாராவது திட்டினீங்களா? மிரட்டினீங்களா?"

"சும்னே எதுக்கு மேடம் திட்டப் போறேன்? அதுக்கு ஏசி. வேளாவேளைக்குத் தீனி. கரெக்டா லைட் போட்டு லைட் அணைக்கறோம். தூங்கறப்ப சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு வேற. எங்க ஏரியால கரண்ட் போனா மூணு நாள் வராது மேடம். அது கூண்டுல நான் படுத்துக்க ரூல் இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"சாட்சியின் கோரிக்கை பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது," என்று நாணு சார் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அடுத்தது தமயந்தி. "நீங்க பெருமூச்சு விடறதுண்டா? உங்களைப் பார்த்து எலி கத்துண்டிருக்குமோ?"

"வருஷா வருஷம் மார்ச் மாசம் விடுவேன் மேடம்."

நாணு சார் குறுக்கிட்டார். "மேடம், தற்காலிக ஊழியர் விடற பெருமூச்சு கணக்கில் வராது. நிரந்தரப் பணியிடத்துல இருந்துண்டு விட்டாத்தான் அது பெருமூச்சு."

"அப்ப இந்த எலி?"

"எலி நிரந்தரம் மேடம். ஸ்டாக்ல ஏத்தியாச்சு."

தமயந்தி பெட்டிக்குள் இருந்த சக ஊழியரைப் பார்த்தாள். தன்னைவிட மூத்த அதிகாரியான அது, காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

அனந்தலக்ஷ்மி அம்மாள் தீர்ப்பு சொன்னார்: எலிக்கு வெளியே சொல்லமுடியாத மனக்குறை இருக்கிறது. அது பெருமூச்சு விடுவதை நிறுத்தும்வரை மெஷினுக்குச் சான்றிதழ் கிடையாது. தசரா கழித்துத் திரும்ப வருவார். தமயந்தியின் நிரந்தர வேலை ஒரு எலியின் மனநிம்மதியில் தொங்கலாயிற்று.

நிம்மதி தரும் வேலையை டைரக்டர் தாமே ஏற்றுக்கொண்டார். அந்தச் சமயத்தில் பெங்களூரில் எல்லாரும் மூச்சு விடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்து தாங்களாகவே விட்டுவந்த மூச்சு தவறானது என்று கண்டுபிடித்து, சனி ஞாயிறுகளில் கம்பளி விரித்து உட்கார்ந்து, சரியான மூச்சைக் காசு கொடுத்து வாங்கினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குத் தனி வகுப்பு. அவர்கள் ஆறு நாளும் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை பார்த்தவர்கள். டாக்டர் அச்யுத் அடிப்படை வகுப்பு முடித்து மேல்வகுப்பில் இருந்தார். அவருடைய பயிற்சியாளர் அதிதி என்ற பெண் வெள்ளைக் குர்தாவோடு வந்து பெட்டியின் எதிரே சம்மணம் போட்டாள்.

"கண்ணை மூடிக்கோ. நெகடிவ் எனர்ஜி எல்லாம் வெளிய போறது. நீ ஒரு மேகம்."

எலி கண்ணை மூடவில்லை. தான் ஒரு மேகம் என்பதை அது ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. அதிதி போனபிறகு தாளைப் பார்த்தால் பெருமூச்சு முன்னைவிடக் கூடியிருந்தது.

அடுத்தது வாஸ்து. பெட்டி ஈசான்ய மூலையில் இருக்க வேண்டும் என்றார் ஒரு நிபுணர். ஈசான்ய மூலையில் கழிப்பறை இருந்தது. அதை இடிக்கவும் வேறிடத்தில் கட்டவும் பொதுப்பணித் துறைக்கு எழுதினார்கள். இடிக்க மட்டும் அனுமதி வந்தது. அன்றிலிருந்து நிலையத்தார் அத்தனைபேரும் அவசரத்துக்கு எதிரே இருந்த தர்ஷினி ஹோட்டலுக்கு ஓடினார்கள். ஓடிவிட்டு வந்து நாற்காலியில் விழுந்து விட்டதெல்லாம் பெருமூச்சுதான். எலியின் கணக்கு குறையவே இல்லை.

"மேடம், அது நல்லா இருக்கறதாலதான் விடுதுன்னு யாரும் நம்ப மாட்டேங்கறாங்களே," என்றான் சில்வெஸ்டர்.

"நம்பறதுக்கு ஒரு கமிட்டி போடணும்," என்றாள் தமயந்தி.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று பெங்களூரில் குங்குமம் வைக்காத சக்கரமும் சந்தனம் வைக்காத யந்திரமும் கிடையாது. நாணு சார் பஞ்சகச்சத்தோடு வந்து இறங்கினார். டைப்ரைட்டர், ஃபிரிட்ஜ், ஜெராக்ஸ் மெஷின், டைரக்டரின் அம்பாசடர், தண்ணீர் வராத குழாய் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கண்ணாடிப் பெட்டிமுன் நின்றார். தமயந்தி பெட்டியைத் துடைப்பதற்காகப் பித்தளை மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி வைத்திருந்தாள். எலி கூண்டில் இருந்தது.

கண்ணாடியில் சந்தனம் நிற்கவில்லை. வைக்க வைக்க வழிந்தது.

"இதுக்கு நெத்தி எதும்மா?" என்றார்.

"மெஷினுக்கு நெத்தி ஏது சார்?"

"நெத்தி இல்லாம ஒரு வஸ்து இருக்குமா? இதோ பாரு, முன்னால, நடு மத்தியில, அம்சமா ஒரு இடம்."

தமயந்தி கை நீட்டுவதற்குள், பெரிய சுண்டைக்காய் அளவுக்குச் சந்தனத்தை உருட்டி, பித்தளை மூக்கின் துவாரத்தில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். மேலே குங்குமம். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான்கு நாள் விடுமுறையில் சந்தனம் உலர்ந்து கல்லாகிவிட்டது.

விடுமுறை முடிந்து திறந்த அன்று காலையில், தமயந்தி ஊரிலிருந்து வரும் ரயில் தாமதம். அவள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தபோது கமிட்டி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. டைரக்டரே தம் கையால் குழாயைச் சந்தனத்தின் மேலேயே மாட்டி, எலியை உள்ளே விட்டு, கம்ப்யூட்டரையும் போட்டிருந்தார். அவர் தம் வாழ்நாளில் செய்த முதல் பரிசோதனை அதுதான். திரையில் அலையே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு நேர்கோடு.

பெட்டிக்குள் பதினேழாம் எலி தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

"பெருமூச்சு?" என்றார் அனந்தலக்ஷ்மி அம்மாள்.

"பூஜ்யம் மேடம்," என்றார் நாணு சார்.

"சாதா மூச்சு?"

"அதுவும் பூஜ்யம் மேடம்."

அம்மாள் சற்று யோசித்தார். "மூச்சே இல்லாம இருக்கலாமோ?"

டாக்டர் அச்யுத் திரையை நோக்கிக் கைகூப்பினார். "மேடம், இது சாதாரண நிலை இல்லை. எங்க குருஜி மலையில உட்கார்ந்து ஆயுசு பூரா தேடினது. மூச்சு ஒடுங்கிப்போச்சு, பாருங்க. பரம சாந்தி!"

பரம சாந்தி அடைந்த எலி பெட்டியின் ஓரத்தைப் பிறாண்டியது.

தமயந்திக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. "சார், அந்தப் பித்தளை மூக்குல…" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கோ தமயந்தி," என்று அனந்தலக்ஷ்மி அம்மாள் திரும்பினார். கையெழுத்துப் போடத் திறந்த பேனா அவர் கையில் அப்படியே நின்றது.

அந்தப் பேனாவைத் தமயந்தி பார்த்தாள். மார்ச் மாதத்துச் சுவர் ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து சில்வெஸ்டர் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "மேடம், மூச்சு விடாதீங்க. ஒரு பொட்டுதானே? அவங்க போனப்புறம் சுரண்டிடலாம்."

"பித்தளை மூக்குல… சந்தனம் அழகா இருக்கு சார்," என்றாள் தமயந்தி.

பேனா இறங்கியது. கமிட்டி காபி சாப்பிட்டுப் புறப்பட்டது. விஷயம் அதோடு முடிந்திருந்தால் நம் நிலையத்தை அரசு நிறுவனம் என்று சொல்வதற்கில்லை. பெருமூச்சு எப்படி நின்றது என்று மேலிடம் விளக்கம் கேட்டது. முன்பு இல்லாதது, பின்பு இருப்பது என்று நாணு சார் வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தார். வாஸ்து முன்பும் இருந்தது. அதிதி முன்பும் வந்தாள். மிஞ்சியது சந்தனம் ஒன்றே. அப்பழுக்கில்லாத விஞ்ஞானம். உடனே 'சந்தன முறை' என்ற பெயரில் ஒரு சுற்றறிக்கை தயாராயிற்று: 'இவ்வகை மெஷின்களின் முகப்புத் துவாரத்தில் தினமும் காலையில் சந்தனம் இட வேண்டும். திரையில் நேர்கோடு தோன்றுவதே உத்தமமான சுவாசம். அலை தோன்றினால் மெஷின் பழுதடைந்ததாகக் கருதி மீண்டும் சந்தனம் இடுக.' இதே கம்பெனியின் மெஷின் இருந்த எல்லா இடங்களுக்கும் நகல் போயிற்று. தமயந்தி சுரண்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த ஊக்கு அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது. சுரண்டினால் இப்போது அது விதிமீறல்.

நிரந்தர வேலைக்கு உத்தரவு தயார்; மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி என்றார்கள். அவளைக் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நுரையீரல் பிரிவில் ஆள் உயரத்துக்கு, டெலிபோன் பூத் போல, ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. முன்பக்கம் நட்ட நடுவில் பித்தளை மூக்கு. அதில் அன்று காலையில் வைத்த ஈரச் சந்தனமும் குங்குமமும். பக்கத்துச் சுவரில் பச்சை மைக் கையெழுத்தோடு சுற்றறிக்கை.

தமயந்தி சுற்றறிக்கையைக் கடைசி வரிவரை படித்தாள். டாக்டர் விஜய்குமார் அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அவள் இழுத்தாள், விட்டாள். முடிந்தமட்டும் இழுத்து முடிந்தமட்டும் விட்டாள். திரையில் கோடு நேராகப் போயிற்று.

"பிரமாதம்மா. ஒரு பிசிறுகூட இல்ல."

"டாக்டர், கோடு நேரா இருந்தா மூச்சே இல்லன்னு அர்த்தம் ஆவாதா?"

"நாங்களும் காலேஜ்ல அப்படித்தான் படிச்சோம். உங்க ஆபீஸ் சர்க்குலர் வந்தப்புறம்தான் தெளிவாச்சு. எலியிலேயே நிரூபிச்சிருக்கீங்களே!" அவர் சிரித்தார். "முன்னாடியெல்லாம் இங்க ஒரே அலையும் கோணலும். இப்ப யார் உட்கார்ந்தாலும் லங்ஸ் பிரமாதம். இந்த மாசம் ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல."

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சு நெடுகத் தங்கவயல் ஆட்கள். ஒருவர் இருமி முடித்தால் அடுத்தவர் ஆரம்பித்தார். அவர்கள் நடுவில் அய்யாவு மாமா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை ஆட்டினார்.

"தமயந்தி… இதைப் படியேன். டாக்டர் கைகுலுக்கி… அனுப்பிட்டாரு."

படித்தாள். 'நுரையீரல் உத்தமம். நிவாரணத்துக்கு முகாந்திரம் இல்லை.'

"எனக்கு… ஒண்ணும் இல்லியாம்," என்றார் மாமா. சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக வந்து, முடிய வெகுநேரம் ஆயிற்று. "ஒண்ணும் இல்லன்னா… இது இன்னாமா?"

தமயந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எலி, சந்தனம், பேனா, தான் வாயை மூடிக்கொண்டது, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. "இரு மாமா. உள்ள போயி அந்தச் சந்தனத்தை எடுத்துட்டு, உன்னை மறுபடி பார்க்கச் சொல்றேன். இவங்க எல்லாரையும்தான்." கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்தாள்.

மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாறை துளைத்த கை. பிடியில் இன்னும் வலு இருந்தது.

"ஆர்டர்… வந்துச்சா?"

"இந்தச் சர்டிபிகேட்டைக் குடுத்தா வரும்."

"சொன்னா… வருமா?"

அவள் ஊக்கைப் பார்த்தாள். மாமா வெகுநேரம் காற்றைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததையெல்லாம் ஒரே வாக்கியத்துக்குச் செலவழித்தார்.

"அப்ப நீ மூச்சு விடாத."

உள்ளே டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நல்ல சேதி கேட்கப் போனார். தமயந்தி கதவுவரை அவர் பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் ஊக்கைக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. உறைமேல் சந்தனம் வைத்து நாணு சார் தம் கையாலேயே கொடுத்தார். "புது ஆர்டர்மா. வாங்கிண்டு பெருமூச்சு கிருமூச்சு விட்டுடாதே." அவள் விடவில்லை.

தை பிறந்து சில நாட்களில் அய்யாவு மாமா மூச்சை விட்டார். நிரந்தர ஊழியர் என்பதால் தமயந்திக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை நாணு சார் உட்காரச் சொல்லி, தம் ஃபிளாஸ்க் காபியில் பாதியை ஊற்றிக் கொடுத்தார்.

"யாரும்மா, சொந்தத் தாய்மாமனா? என்ன உடம்பு அவருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். நுரையீரல் உத்தமம். சான்றிதழ் இருக்கு."

நாணு சார் அவளையே பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த தம் சுற்றறிக்கையைப் பார்த்தார். கூடத்தில் பித்தளை மூக்கில் பொட்டோடு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் வெளுத்தது. அவரையும் அறியாமல், அடிநெஞ்சிலிருந்து, நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

உடனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ… ஒண்ணும் கேட்கலையேம்மா?" என்றார்.

"இல்ல சார்," என்றாள் தமயந்தி. "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."